தலைவியும் தோழியும்: ஊடாட்டப் புனைகதையில் துணைப்பாத்திரத்தின் வரலாறும் தமிழ் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

படிப்பவரே கதையின் போக்கைத் தீர்மானிக்கும் புனைவு வகை ஊடாட்டப் புனைகதை எனப்படும். கணினித் திரையில் ஓர் இடமோ நிகழ்ச்சியோ சொற்களால் விவரிக்கப்படும். படிப்பவர் ஓர் ஏவலைத் தட்டெழுதியோ, தரப்பட்ட வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தோ மறுமொழி தருவார். அம்மறுமொழிக்கேற்ப அடுத்த பகுதி விரியும். ஆகவே இப்புனைவில் படிப்பவரும் கதையின் முதன்மைப் பாத்திரமும் ஒருவரே ஆகின்றனர். கதை அவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுவதில்லை. பெரும்பாலும் முன்னிலையில் விளித்தே பேசுகிறது.

இவ்வமைப்பிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. படிப்பவர் எவராயினும் முதன்மைப் பாத்திரத்துள் புகுந்துகொள்ள வேண்டுமாதலின், அப்பாத்திரத்திற்குப் பெயர், வயது, பால், இயல்பு ஆகியவை குறைவாகவே தரப்படுகின்றன. அவ்வாறு வெறுமையாக்கப்பட்ட தலைமைப் பாத்திரத்தின் அருகே நிற்கும் துணைப்பாத்திரமே பேச்சும் குணமும் நினைவும் உடையதாக வளர்கிறது. தலைமைப் பாத்திரம் இன்னார் என்பதைத் துணைப்பாத்திரத்தின் வாய்மொழியிலிருந்தே படிப்பவர் அறிகிறார்.

இந்நிலை தமிழ் இலக்கிய மரபுக்குப் புதியதன்று. பெயர் சுட்டப்படாத தலைவியும், அவள் பொருட்டுப் பேசும் தோழியும் அகப்பாடல்களின் அடித்தளமாக உள்ளனர். ஊடாட்டப் புனைகதையில் துணைப்பாத்திரம் வளர்ந்த வரலாற்றை அகமரபோடு ஒப்பிட்டு, அவ்வொப்பீடு தமிழில் மொழிபெயர்ப்போர்க்குத் தரும் பயனை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அகமரபில் தலைமையும் துணைமையும்

அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கும் விதியாகும். இவ்விதியால் தலைவனும் தலைவியும் இன்ன ஊரினர், இன்ன பெயரினர் என்னும் அடையாளங்களை இழக்கின்றனர். பாடலைக் கேட்போர் எவரும் தம்மை அவ்விடத்தில் வைத்துப் பார்க்க இவ்விழப்பே வழிசெய்கிறது. தோழியின் நிலை வேறு. அவளுக்கும் பெயர் இல்லையெனினும், அவள் செவிலியின் மகள் என்று களவியல் உறவு கூறி வரையறுக்கிறது. தலைவியின் பிறப்பு வரலாற்றைப் பற்றிப் பேசாத இலக்கணம் தோழியின் பிறப்பைப் பற்றிப் பேசுவது கருதத்தக்கது.

கதை நிகழ்ச்சியை முன்செலுத்தும் பொறுப்பும் பெரும்பாலும் தோழியிடமே உள்ளது. தலைவனைச் சேட்படுத்துபவள் அவள். குறியிடம் கூறுபவளும், வரைவு கடாவுபவளும், கற்புக் காலத்தில் வாயில் மறுப்பவளும் அவளே. அறத்தொடு நிற்றல் என்னும் துறை இதற்குச் சிறந்த சான்றாகும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்குமாகக் களவு படிப்படியாக வெளிப்படுகிறது. இத்தொடரில் தலைவி வாய்திறந்து பேசுவது தோழியிடம் மட்டுமே. எஞ்சிய உலகத்தோடு அவளுக்குள்ள தொடர்பு தோழியின் வழியாகவே அமைகிறது.

இயற்பழித்தல் என்னும் துறையும் நுட்பமானது. தோழி தலைவனின் இயல்பைப் பழித்துரைக்கிறாள். அதைப் பொறாத தலைவி அவனை இயற்பட மொழிகிறாள். தோழியின் பழிப்பு உண்மையான பகையால் எழுந்ததன்று. தலைவியின் உள்ளத்தை வெளிக்கொணரும் கருவியாகவே அது பயன்படுகிறது. துணைப்பாத்திரம் மறுத்துப் பேசுவதால் தலைமைப் பாத்திரம் தன் நிலையைத் தெரிந்தெடுத்துச் சொல்ல நேர்கிறது. தலைவன் பக்கத்தில் பாங்கன் கழறுதலும் இத்தகையதே.

களவின் கதைப்போக்கு ஒற்றைக்கோட்டில் செல்வதன்று என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இயற்கைப் புணர்ச்சிக்குப் பின் இடந்தலைப்பாடு, பாங்கற் கூட்டம், தோழியிற் கூட்டம் எனக் கூட்டம் நிகழும் வாயில்கள் பலவாகின்றன. களவு வெளிப்பட்டபின் வரைவும் நிகழலாம், உடன்போக்கும் நிகழலாம். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் இக்கிளைகளை நிரல்படுத்திக் காட்டுகிறது. தொல்காப்பியம் தோழி எனக் குறிக்கும் பாத்திரத்தை அந்நூல் பாங்கி என்று வழங்குகிறது. கோவை நூல்கள் இத்துறைகளைத் தொடர்நிலையாகக் கோத்தன. நானூறு பாடல்கள் கொண்ட திருக்கோவையார் அவற்றுள் புகழ்பெற்றது. கிளைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை அங்கே புலவனுடையது. ஊடாட்டப் புனைகதையில் அவ்வுரிமை படிப்பவர் கைக்கு மாறியது.

3. ஏவலும் குரலும்

கணினியில் இவ்வகைப் புனைவு 1970களின் நடுவில் தோன்றியது. வில் குரோதர் என்பார் அமெரிக்காவில் எழுதிய ‘அட்வென்ச்சர்’ என்னும் குகைப் பயண விளையாட்டை 1977இல் டான் வுட்ஸ் விரிவுபடுத்தினார். விளையாடுவோர் ‘விளக்கை எடு’, ‘வடக்கே போ’ என்பன போன்ற ஓரிரு சொற்களாலான ஏவல்களைத் தட்டெழுதுவர். அதில் துணைப்பாத்திரம் என ஒன்று இல்லை. எனினும் தொடக்கத்திலேயே நிரல் தன்னைத் தன்மையிடத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டு, விளையாடுவோர்க்குக் கண்ணும் கையுமாக இருப்பதாக உறுதியளிக்கிறது. கண்டதைக் கூறுவதும் ஏவியதைச் செய்வதும் அக்குரலின் பணி. ஆகவே இவ்வகைப் புனைவின் முதல் துணைப்பாத்திரம் கதை சொல்லும் குரலே எனலாம்.

தெருக்கூத்தின் கட்டியங்காரன் இக்குரலுக்கு நெருங்கியவன். அரங்கில் தோன்றும் வேந்தனை அவன் யார் எவர் என வினவுகிறான். வேந்தன் தன் பெயரும் பெருமையும் கூறுகிறான். கட்டியங்காரன் வேந்தனுக்குப் பணியாள். அதே வேளையில் அவையோரின் சார்பாகக் கேள்வி கேட்பவனும் அவனே. இருபக்கமும் நிற்கும் இந்நிலை துணைப்பாத்திரத்திற்கே உரியது.

1979இல் நிறுவப்பட்ட இன்ஃபோகாம் என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்வகைப் புனைவை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுசென்றது. அந்நிறுவனத்தின் ‘டெட்லைன்’ (1982) ஒரு துப்பறியும் கதை. அதில் டஃபி என்னும் காவலர் தடயங்களை ஆய்வுக்கு எடுத்துச் செல்கிறார். அழைத்தால் வருவதும் பணிமுடிந்தால் மறைவதுமே அவர் இயல்பு. இது ஏவலாள் நிலையிலுள்ள துணைமை. அதே 1982இல் ஆஸ்திரேலியாவில் உருவான ‘தி ஹாபிட்’ என்னும் விளையாட்டில் தோரின், கண்டால்ஃப் ஆகியோர் ஏவலுக்குக் காத்திராமல் தம் போக்கில் நடமாடினர். கேட்டதைச் சிலபோது செய்தனர், சிலபோது மறுத்தனர். மறுக்க இயலும் என்பதே துணைப்பாத்திரத்தைக் கருவியினின்று வேறுபடுத்தியது.

ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய ‘பிளானட்ஃபால்’ (1983) இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அதன் முதன்மைப் பாத்திரம் விண்படையின் கடைநிலைப் பணியாளர் என்பதற்கு மேல் அடையாளம் பெறவில்லை. துணையாக வரும் ஃபிளாய்டு என்னும் இயந்திர மனிதனோ குழந்தை போன்றவன், விளையாட்டில் விருப்புடையவன், ஓயாது பேசுபவன். ஆபத்து நிறைந்த ஆய்வுக்கூடத்துள் தானே புகுந்து, தேவையான பொருளைக் கொணர்ந்து தந்து, நண்பரின் கண்முன்னே வீழ்கிறான். கதை இறுதியில் அவன் மீட்கப்படினும், விளையாடியோர் நினைவில் நின்றது அவ்வீழ்ச்சியே. முதன்மைப் பாத்திரம் எதை உணர்ந்தது என்பதைக் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணைப்பாத்திரத்தின் இழப்பே அவ்வுணர்வை விளையாடுவோரிடம் தோற்றுவித்தது.

அகமரபோடு உள்ள ஒற்றுமையும் வேற்றுமையும் இங்கே தெளிவாகின்றன. இரண்டிலும் தலைமைப் பாத்திரம் பெயரற்றது, துணைப்பாத்திரம் நாவுடையது. எனினும் அகப்பாடலின் தலைவிக்கு வரலாறு இல்லையே தவிர உள்ளம் உண்டு. தோழிக்கோ தனக்கென ஒரு காதல் வாழ்வு வகுக்கப்படவில்லை. அவளுடைய துயரமும் மகிழ்ச்சியும் தலைவியின் பொருட்டே அமைகின்றன. கணினிப் புனைவில் இந்நிலை தலைகீழாகிறது. தலைமைப் பாத்திரத்திற்குச் செயல் உண்டு, உள்ளம் எழுதப்படுவதில்லை. உள்ளமும் சொந்தக் கதையும் துணைப்பாத்திரத்தினிடம் சென்று சேர்கின்றன. இவ்வேற்றுமையை மறந்து இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது.

4. இடமாற்றம்

தலைமைப் பாத்திரத்தின் வெறுமை ஒருபோதும் முழுமையானதன்று என்பதை 1986இல் வெளிவந்த ‘லெதர் காடஸஸ் ஆஃப் போபோஸ்’ வேடிக்கையாகக் காட்டியது. கதைத் தொடக்கத்தில் விளையாடுவோர் ஆண்களுக்கான கழிப்பறைக்குள் செல்கிறாரா, பெண்களுக்கான கழிப்பறைக்குள் செல்கிறாரா என்பதைக் கொண்டு நிரல் அவர் பாலை முடிவு செய்கிறது. துணைப்பாத்திரத்தின் பெயரும் அதற்கேற்ப ட்ரெண்ட் என்றோ டிஃபனி என்றோ மாறுகிறது. தலைமைப் பாத்திரத்தின் பால் துணைப்பாத்திரத்தின் பெயரில் வெளிப்படுதல் இங்கே காணத்தக்கது.

1990களில் வணிக நிறுவனங்கள் இத்துறையை விட்டு விலகின. ஆர்வலர்கள் அதை ஏற்று நடத்தினர். கிரகாம் நெல்சன் 1993இல் வெளியிட்ட ‘இன்ஃபார்ம்’ என்னும் நிரலாக்க மொழி தனிமனிதரும் இவ்வகைக் கதைகளை எழுத வழிசெய்தது. ஆடம் காட்ரே எழுதிய ‘ஃபோட்டோபியா’ (1998) அக்காலத்து முதன்மையான படைப்புகளுள் ஒன்று. அதன் கதை ஆலி என்னும் சிறுமியைச் சுற்றியது. ஆனால் விளையாடுவோர் ஆலியாக இருப்பதில்லை. அவள் வாழ்வில் இடம்பெறும் பிறராகவே மாறிமாறி இருக்கின்றனர். அதாவது, விளையாடுவோர் துணைப்பாத்திரங்களாகின்றனர். தலைமைப் பாத்திரம் அவர்தம் பார்வையில் மட்டுமே தென்படுகிறது. எமிலி ஷார்ட் எழுதிய ‘கலாட்டியா’ (2000) உயிர்பெற்ற சிலை ஒன்றுடன் கலை விமரிசகர் ஒருவர் நிகழ்த்தும் உரையாடலே கதையாக அமைந்தது. கேட்கும் கேள்விகளுக்கேற்ப முடிவுகள் பலவாயின.

இப்போக்கு 2014இல் இங்கிள் நிறுவனம் வெளியிட்ட ‘80 டேஸ்’ என்னும் படைப்பில் நிறைவெய்தியது. மெக் ஜயந்த் எழுதிய அப்படைப்பு, ஜூல் வெர்ன் நாவலைத் தழுவியது. உலகைச் சுற்றுவதாகப் பந்தயம் கட்டியவர் ஃபிலியாஸ் ஃபாக். விளையாடுவோர் ஏற்கும் பாத்திரமோ அவருடைய பணியாளர் பாஸ்பர்தூ. பயண வழியைத் தெரிவதும், பணத்தையும் தலைவரின் உடல்நலத்தையும் பேணுவதும், ஊராரோடு பேசிச் செய்தி அறிவதும் பணியாளரின் கடமைகள். ஃபாக் பெரும்பாலும் மௌனமாக இருக்கிறார். வெளியுலகோடு பேசும் உரிமை துணைப்பாத்திரத்திற்கும், அதன் பயன் தலைமைப் பாத்திரத்திற்குமாகப் பிரிக்கப்பட்ட இவ்வமைப்பு தோழி கூற்றின் அமைப்பை மிகவும் ஒத்தது. இம்மூன்று படைப்புகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் தலைமை–துணைமை உறவு ஆங்கில இடப்பெயர்களின் இயல்பைச் சார்ந்தே அமைந்தது. அவ்வியல்பு இந்திய மொழிகளுக்கு இல்லை.

5. லோதி ரோடு: எழுத்தும் கூற்றும்

இந்திய மொழிகளில் இவ்வகைப் புனைவு எழுதப்படுவதற்கு முதற்கண் எழுத்துகள் கணினிக்குள் சென்றாக வேண்டும். அதற்கான அரசு முயற்சிகளில் தில்லி லோதி ரோட்டிற்கு ஓர் இடமுண்டு. அச்சாலையிலுள்ள மைய அரசு அலுவலக வளாகத்தில் எலக்ட்ரானிக்ஸ் நிகேதன் அமைந்துள்ளது. மின்னணுவியல் துறை 1988இல் இந்திய எழுத்துகளுக்கான குறியீட்டு முறையொன்றை வகுத்தது. இந்தியத் தர நிறுவனம் 1991இல் திருத்திய வடிவத்தை ‘இஸ்கி’ எனப்படும் தரமாக ஏற்றது. பிராமி வழிவந்த எழுத்துகளுக்குப் பொதுவான ஒலிவரிசை அதன் அடிப்படையாகும். அதே 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்கு 1988ஆம் ஆண்டு வரிசையையே பின்பற்றியது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டமும் அத்துறையின் கீழ் அக்காலத்தில்தான் தொடங்கியது.

இம்முயற்சிகள் எழுத்துகளுக்கு எண் கொடுத்தன. யார் யாரிடம் பேசுகிறார் என்பதற்கு எண் இல்லை; அது குறியீட்டு முறையின் வேலையும் அன்று. ஆனால் மொழிபெயர்ப்பில் முதலில் எழும் சிக்கல் அதுவே. கணினி விளையாட்டுகளின் தொடர்கள் நிரலினின்று பிரிக்கப்பட்டு, எண்ணிட்ட பட்டியலாக மொழிபெயர்ப்பாளரிடம் தரப்படுவது வழக்கம். பேசுபவர் பெயரும் கேட்பவர் பெயரும் அப்பட்டியலில் இல்லாமற்போவதுண்டு. கூற்றுக் குறிப்பு நீக்கப்பட்ட குறுந்தொகைப் பாடலைப் படிப்பவரின் நிலைக்கு மொழிபெயர்ப்பாளர் தள்ளப்படுகிறார்.

லோதி ரோட்டில் நாள்தோறும் இந்தியும் தமிழும் அருகருகே ஒலிக்கின்றன. லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் உள்ளது. அங்கே பயிலும் சிறார்க்கு இயல்பாகக் கைவரும் ஒரு வேறுபாடு மொழியியலார் கவனத்திற்குரியது. இந்தியில் முன்னிலை இடப்பெயர் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூவகைப்படும். அத்துடன், முன்னிலையிலும் வினைமுடிபு ஆண்பால் பெண்பால் காட்டும். ‘தும் கயே தே’ என்பதும் ‘தும் கயீ தீ’ என்பதும் பாலால் வேறுபட்டவை. தமிழில் ‘நீ போனாய்’, ‘நீங்கள் போனீர்கள்’ என்பவை பால் காட்டா. ஆகவே முன்னிலையில் இந்தி மதிப்பையும் பாலையும் ஒருங்கே வெளிப்படுத்துகிறது. தமிழ் மதிப்பை மட்டும் வெளிப்படுத்துகிறது. ஆங்கிலம் இரண்டையும் மறைக்கிறது. ஆங்கிலத்தின் ‘யூ’ என்னும் ஒற்றைச் சொல்லின் மீது கட்டப்பட்ட பெயரற்ற தலைமை, தில்லியின் இரு மொழிகளிலும் இருவேறு அளவில் கலைகிறது.

6. தமிழில் துணைப்பாத்திரத்தின் இலக்கணம்

தமிழில் மொழிபெயர்ப்போர் முடிவு செய்ய வேண்டியவை மூன்று. அவை மூன்றும் துணைப்பாத்திரத்தின் வாய்மொழியைச் சார்ந்தவை.

முதலாவது, முன்னிலை. துணைப்பாத்திரம் தலைமைப் பாத்திரத்தை ‘நீ’ என்று விளிக்குமா, ‘நீங்கள்’ என்று விளிக்குமா என்பதைப் பொறுத்து இருவர்தம் வயதும் நிலையும் நெருக்கமும் தீர்மானமாகின்றன. விளையாடுவோர் ‘எடு’, ‘போ’ என ஒருமையில் ஏவ, துணைப்பாத்திரம் ‘நீங்கள்’ என மறுமொழி தருமாயின், ஆண்டான்–பணியாள் உறவு தானே அமைந்துவிடும். டஃபிக்கும் பாஸ்பர்தூவுக்கும் அது பொருந்தலாம். ஃபிளாய்டுக்குப் பொருந்தாது, குழந்தை போன்ற அவன் ‘நீ’ என்றே பேசுவான். எல்லாத் துணைப்பாத்திரங்களுக்கும் ‘நீங்கள்’ என ஒரே வடிவைத் தருவது பிழையற்ற பாதுகாப்பான வழி போலத் தோன்றும். உண்மையில் அது பல பாத்திரங்களை ஒரே பாத்திரமாக்கிவிடும்.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. தமிழில் நெருக்கம் மிகுந்தால் பால் வெளிப்படும். ‘வாடா’, ‘வாடி’ என்னும் விளிகளும், அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்னும் முறைப்பெயர்களும் அத்தகையவை. மரியாதைப் பன்மையில் மறைந்திருக்கும் பால் நட்புப் பேச்சில் மறையாது. இதற்கு அகமரபு ஒரு வழி காட்டுகிறது. பொருளியலில் முறைப்பெயர் பற்றி வரும் நூற்பா ஒன்றுக்கு உரைகண்டோர் ‘எல்லா’ என்னும் விளியை எடுத்துக்காட்டி, அது இருபாலார்க்கும் பொதுவாய் வரும் உரிமைச்சொல் என்பர். இக்காலப் பேச்சுவழக்கில் ‘வாப்பா’, ‘என்னப்பா’ என்பவை பல இடங்களில் இருபாலார்க்கும் வழங்குதலை இதனோடு ஒப்பிடலாம். பால் காட்டாத நெருக்கம் தமிழில் அரிது, ஆனால் இல்லாததன்று.

இரண்டாவது, தன்மைப் பன்மை. ஆங்கிலத்தின் ‘வீ’ என்பதற்குத் தமிழில் இரு வடிவங்கள் உள. கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவரை நீக்கி நிற்பது ‘நாங்கள்’. துணைப்பாத்திரம் ‘நாம் புறப்படுவோம்’ எனின் தலைமைப் பாத்திரத்தோடு வருகிறது. ‘நாங்கள் புறப்படுகிறோம்’ எனின் பிரிந்து செல்கிறது. துணைப்பாத்திரம் நட்பினின்று விலகும் கதைகளில் ஆங்கிலம் அவ்விலகலை இறுதிவரை மறைத்துவைக்க இயலும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு தொடரிலும் எவர் எவரை உளப்படுத்துகிறார் என அறிந்தே எழுத வேண்டும். விலகும் எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு ‘நாம்’ என்று கூறும் துணைப்பாத்திரம் தமிழில் வெளிப்படையாகப் பொய் கூறுவதாகிறது.

தோழி இத்தன்மைப் பன்மையை மிக விரிவாகக் கையாண்டவள். தலைவியின் தோளையும் மேனியையும் தன்னுடையவை போல ‘எம்’ என்று தோழி கூறுதல் உண்டு என்பதற்குப் பொருளியல் இடமளிக்கிறது. தோழி தலைவியையும் தலைவி தோழியையும் ‘அன்னை’ என விளித்தலும் மரபாகக் கொள்ளப்பட்டது. இருவரும் ஒரே விளியை மாற்றி வழங்குவதால் தலைமையும் துணைமையும் ஓர் உயிர் போலாகின்றன. ஒருவருக்காக மற்றொருவர் துன்புறுவதைக் காட்டத் தனி விளக்கம் வேண்டுவதில்லை. இடப்பெயரே அதைச் செய்கிறது.

மூன்றாவது, படர்க்கை. துணைப்பாத்திரம் வேறொருவரிடம் தலைமைப் பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’ என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். பால் வேண்டாவெனின் ‘அவர்’ என்பதே வழி. ஆனால் அது மதிப்பைக் கூட்டிவிடும். நண்பனை நண்பன் ‘அவர்’ என்று குறிப்பது நெருக்கத்தைக் குறைக்கும். ‘என் தோழமை’, ‘என்னோடு வந்த ஆள்’ என்பன போன்ற பெயர்த்தொடர்களால் சில இடங்களில் இதைத் தவிர்க்கலாம். எல்லா இடங்களிலும் இயலாது.

ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் யார் கூற்று என்பதையே தலைப்பாக அமைத்தார். பழைய ஏடுகளின் கூற்றுக் குறிப்பை ஆங்கிலப் படிப்பாளிக்கேற்ப அவர் முன்னே வைத்தார். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது இன்றியமையாததாக இருந்த அக்குறிப்பு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது மேலும் இன்றியமையாததாகிறது. முன்னதில் அது பொருள் விளங்கத் துணைசெய்கிறது. பின்னதில் அஃதின்றி ஒரு வினைமுற்றையும் உறுதியாக எழுத இயலாது.

7. புலம்பெயர் தமிழரின் ஒரு சான்று

தமிழ்க் குடும்பமொன்றையே பொருளாகக் கொண்ட கதை விளையாட்டு ‘வெண்பா’. டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் இதை வெளியிட்டது. 2024இல் பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது. 1988இல் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோர் இதன் பாத்திரங்கள். வெண்பாவின் தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைப்பதும், உரையாடலில் மறுமொழியைத் தெரிந்தெடுப்பதும் விளையாடுவோர் பணி.

இப்படைப்பில் தலைமைப் பாத்திரத்திற்குப் பெயரும் வரலாறும் உண்டு. ஆகவே ‘அட்வென்ச்சர்’ வகுத்த வெறுமை இதில் இல்லை. கதையின் பெரும்பகுதியில் விளையாடுவோர் வெண்பாவாக இருக்கின்றனர். கவின் உடனிருக்கும் துணைப்பாத்திரம். தமிழினின்று அவன் விலகுவதைத் தாயின் நிலையிலிருந்து காண்கின்றனர். பிற்பகுதியில் ஓரிடத்தில் விளையாடுவோர் கவினாகின்றனர். அரைகுறைத் தமிழறிவோடு பாட்டியின் குறிப்பேட்டை அவன் படித்துச் சமைக்க முயல்கிறான். அதுவரை துணைப்பாத்திரத்தின் குறையாகத் தோன்றிய மொழியிழப்பு அப்போது விளையாடுவோரின் சொந்த இடர்ப்பாடாகிறது. ‘ஃபோட்டோபியா’வும் ‘80 டேஸ்’உம் செய்த இடமாற்றம் இங்கே தாய்மொழியைப் பொருளாகக் கொண்டு நிகழ்கிறது.

அதன் ஆங்கிலப் பதிப்பில் இக்குடும்பம் தமிழில் பேசுவதாகக் கொள்ளப்படும் பகுதிகளும் ஆங்கிலத்திலேயே காட்டப்படுகின்றன. ஆகவே கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எவ்வாறு விளித்தனர் என்பதை ஆங்கிலத் தொடர் காட்டாது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பல குடும்பங்களில் மனைவி கணவனை ‘நீங்கள்’ என்றும், கணவன் மனைவியை ‘நீ’ என்றும் விளித்தனர். மகன் தந்தையை ‘நீங்கள்’ என்றும் தாயை ‘நீ’ என்றும் விளிப்பதும் பரவலான வழக்கு. தாயிடம் மட்டும் வழங்கும் அந்த ‘நீ’ மதிப்புக்குறைவன்று, உரிமை. ஆங்கிலம் மட்டுமே நன்கறிந்து வளரும் மகன் இழப்பது சொற்களை மட்டுமன்று, தாய்க்கும் தந்தைக்கும் வெவ்வேறாக வழங்கும் இவ்வுறவுமுறையையும்தான். இத்தகைய படைப்பைத் தமிழாக்குவோர் முன் நிற்கும் பணி, ஆங்கிலத் தொடரில் இல்லாத ஒன்றைக் குடும்ப வழக்கறிந்து மீட்டெடுப்பதாகும். அனைவர்க்கும் ‘நீங்கள்’ என எழுதினால், கதை எதன் இழப்பைப் பேசுகிறதோ அதையே மொழிபெயர்ப்பும் ஒருமுறை இழந்துவிடும்.

8. முடிவுரை

ஊடாட்டப் புனைகதையின் ஐம்பதாண்டு வரலாற்றில் துணைப்பாத்திரம் கதை சொல்லும் குரலாகத் தொடங்கி, ஏவலாளாகி, நண்பனாகி, இறுதியில் விளையாடுவோரின் இடத்தையே ஏற்றது. தலைமைப் பாத்திரம் பெரும்பாலும் பெயரற்றதாக நின்றதால் அதன் இயல்பைக் காட்டும் பொறுப்பு துணைப்பாத்திரத்தைச் சார்ந்தது. தமிழில் இப்பொறுப்பு மேலும் மிகுகிறது. ஆங்கிலத்தில் துணைப்பாத்திரம் என்ன சொல்கிறது என்பதே தலைமைப் பாத்திரத்தைக் காட்டும். தமிழில் அது எவ்வாறு விளிக்கிறது என்பதும் சேர்ந்து காட்டும்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர்க்குத் தரப்படும் தொடர்ப்பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் நான்கு குறிப்புகள் தேவை: கூறுபவர் யார், கேட்பவர் யார், இருவர்க்கும் உள்ள முறை யாது, தன்மைப் பன்மை எவரை உளப்படுத்துகிறது. இவை புதிய கோரிக்கைகள் அல்ல. பாடலோடு கூற்றுக் குறிப்பையும் சேர்த்து ஏட்டில் எழுதிவைத்தோர் இவற்றுள் முதலிரண்டையும் முன்னரே செய்துள்ளனர். எஞ்சிய இரண்டையும் தொல்காப்பியப் பொருளியலும் அதன் உரைகளும் தொட்டுக்காட்டியுள்ளன. எழுத்துக்கு எண் வகுத்த பணி 1991இல் தரமாக நிலைபெற்றது. கூற்றுக்குக் குறிப்பு வகுக்கும் பணி மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து செய்வதற்குரியது. அதற்கு வேண்டிய இலக்கணம் தோழியிடம் இருக்கிறது.